பனியனுக்கு எது சொந்த ஊர்?

பருத்தி டி-ஷர்ட்டுக்கு உலகம் முழுக்கச் சுங்கத் துறையில் ஒரே எண்தான்: 6109.10. ஐரோப்பிய ஒன்றியம் அதன்மீது போடும் பொது வரி 12%. திருப்பூர் சரக்குக்குப் பல ஆண்டுகளாகக் கிடைத்துவந்த சலுகை வரி 9.6%. அதே சட்டை டாக்காவில் தைக்கப்பட்டிருந்தால் வரியே கிடையாது. பங்களாதேஷுக்கு அந்தச் சலுகை ஏழை நாடு என்பதற்காக ஐரோப்பா ஒருதலையாகக் கொடுத்தது. வர்த்தக ஒப்பந்தம் போட்டு வாங்கியதல்ல. ஆனால் தையல் மேசையைப் பொறுத்தவரை இரண்டுக்கும் விளைவு ஒன்றுதான்.

வரியைக் கட்டுவது அங்கே இறக்குமதி செய்பவர். அதனால் நமக்கென்ன என்று இருக்க முடியாது. பையர் பார்ப்பது கிடங்கில் வந்து இறங்கும் விலையை. டாக்கா ஒரு சட்டையை 300 ரூபாய்க்குக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கப்பல் கூலி சமம் என்றால், அதே விலைக்கு இறங்க திருப்பூர் 273 ரூபாய் 72 காசுக்குக் கொடுத்தாக வேண்டும். அந்த 26 ரூபாயை எங்கே குறைப்பது? நூல் விலையைச் சந்தை நிர்ணயிக்கிறது. டையிங், மின்சாரம் எதிலும் பெரிதாகக் கை வைக்க முடியாது. மிஞ்சுவது கம்பெனியின் லாபமும் கட்டிங், தையல் கூலியும்தான். ஒரு பீஸுக்கு இவ்வளவு என்று கூலி பேசும் பீஸ் ரேட் பேரத்தின் வேர், பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒரு வரிப் பட்டியலில் இருக்கிறது.

ஒரு ஆர்டர் கைமாறினால் எத்தனை பேருக்கு வேலை போகும் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரண டி-ஷர்ட்டில் ஷோல்டர் சேர்த்து, கழுத்துக்கு ரிப் வைத்து, கையை ஏற்றி, ஓவர்லாக்கில் பக்கம் மூட்டி, பிளாட்லாக்கில் அடி மடித்து முடிக்க சுமார் ஏழு நிமிடத் தையல். ஒரு லட்சம் சட்டைக்கு ஏழு லட்சம் நிமிடம். எட்டு மணி ஷிப்டின் 480 நிமிடத்தில் 60% திறனில் ஓடும் லைனில் உருப்படியாகக் கிடைப்பது 288. ஆக மொத்தம் 2,430 ஆள்-நாள். அதாவது 25 வேலை நாளுக்கு ஏறக்குறைய 97 டெய்லர்கள். செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் இதற்கு மேல். ஒரே டிசைனில் பெரிய எண்ணிக்கை கேட்கும் ஆர்டர்கள் வரியில்லாத பக்கம் சாய்வதும், சின்ன லாட், அடிக்கடி மாறும் மாடல், குழந்தை உடுப்பு என்று கைவேலை கூடிய ஆர்டர்கள் திருப்பூரில் தங்குவதும் இந்தக் கணக்கால்தான்.

வரி விகிதம் செய்தித்தாளில் தலைப்பாக வரும். வேலையை நிஜமாக நகர்த்தும் ஆரிஜின் விதி ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் கிடக்கும். சட்டை இந்த நாட்டுச் சரக்குதான் என்று ஒப்புக்கொள்ள, பஞ்சு, நூல், துணி, ஆடை என்ற வரிசையில் எத்தனை படி அந்த நாட்டிலேயே நடந்திருக்க வேண்டும்? இந்தியா, இலங்கை போன்ற நாடுகளிடம் ஐரோப்பா இரண்டு படி கேட்டது: நூல் துணியாவதும், துணி ஆடையாவதும் உள்ளூரில் நடக்க வேண்டும். மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு 2011 ஜனவரி 1 முதல் ஒரு படி போதும் என்று தளர்த்தியது. இரண்டு படி விதி இருந்த காலத்தில் பங்களாதேஷில் நிட்டிங் ஆலைகள் பெருகின. தளர்ந்த பிறகு சீனத் துணியை வாங்கித் தைத்தாலே வரிவிலக்கு உண்டு. வளரும் நாடுகளுக்கு ஐரோப்பா தரும் ஜி.எஸ்.பி. வரிச் சலுகையின் கூடுதல் வடிவம் ஜி.எஸ்.பி. பிளஸ்; இலங்கைக்கோ 2010 ஆகஸ்டில் பறிபோன அது 2017 மே மாதம் திரும்பக் கிடைத்தது. ஆனால் துணியை வெளியிலிருந்து வாங்கித் தைக்கும் கம்பெனிகளால் இரண்டு படி விதியைத் தாண்ட முடியவில்லை. சலுகை கையில் இருந்தும் வரி கட்டி அனுப்பிய சரக்கு நிறைய.

இன்னொரு வேடிக்கை. பங்களாதேஷ் நெய்யும் துணிக்கு நூல் கொடுப்பதில் தமிழ்நாட்டு மில்களுக்கும் பங்குண்டு. திருப்பூரைத் தையலில் தோற்கடிக்கும் அதே வரிவிலக்கு, நூற்பாலைக்கு வாடிக்கையாளரைக் கொண்டுவருகிறது. ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தில் இரண்டும் கூட்டிக் கழிந்து அழகாகத் தெரியலாம். வேலையில் அப்படிக் கழியாது. நூல் நூற்கும் ரிங் பிரேம் மெஷின் ஓடும் ஷெட்டில் ஆட்கள் குறைவு, தையல் லைனில் மெஷினுக்கு ஒருவர்.

உள்நாட்டுச் சந்தையிலும் ஒரு தலைகீழ்க் கணக்கு ஓடுகிறது. 2011 செப்டம்பரில் 46 ஜவுளி இனங்களில் தொடங்கி, அதே ஆண்டுக்குள் பங்களாதேஷ் ஆடைகளுக்கு இந்தியா வரியை நீக்கியது. 2025 பட்ஜெட்டோ சில பின்னல் துணிகளுக்கு 20% அல்லது கிலோவுக்கு 115 ரூபாய், இரண்டில் எது அதிகமோ அது என்று வரியை உயர்த்தியது. அந்த வகைச் சீனத் துணியை இங்கே இறக்கித் தைத்தால் வரி உண்டு. பங்களாதேஷில் தைத்து, தெற்காசிய நாடுகளின் வர்த்தக ஒப்பந்தமான சாஃப்டாவின் விதிப்படி 30% மதிப்பு கூட்டியதாகக் காட்டினால் ஆடையாக வரியின்றி உள்ளே வரும். மூலப்பொருளுக்கு வரி, முடிந்த பொருளுக்கு விலக்கு: இப்படி அமைந்தால் உள்ளூர்த் தையல்தான் அடிபடும்.

வரி இடைவெளியை மட்டும் நம்பி வந்த வேலை எவ்வளவு நாள் நிற்கும் என்பதற்கு இலங்கை வனஸ்பதி நல்ல பாடம். இந்திய-இலங்கை ஒப்பந்தம் 2000 மார்ச் 1-இல் அமலானது. இந்தியாவில் பாமாயிலுக்கு அப்போது கனத்த வரி, இலங்கையில் குறைவு. இந்திய முதலாளிகள் அங்கே போய் ஆலை போட்டு, வெளிநாட்டு எண்ணெயை வனஸ்பதியாக்கி இந்தியாவுக்கே வரியின்றி அனுப்பினார்கள். சுங்கப் பட்டியலில் பாமாயில் 1511, வனஸ்பதி 1516; எண் மாறிவிட்டது, 35% மதிப்பும் காட்டியாகிவிட்டது, விதிப்படி எல்லாம் சரி. உள்ளூர் ஆலைகள் கூச்சலிட, 2006-இல் ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் என்று இந்தியா உச்சவரம்பு கட்டியது. 2008 ஏப்ரலில் கச்சா பாமாயில் வரியை இந்தியாவே பூஜ்ஜியமாக்கியதும் லாபத்தின் அடித்தளமே போனது. ஆலைகள் மூடின.

சலுகையை வாங்கித்தரும் காகித வேலையிலும் சரக்கு சிக்கும். ஐரோப்பிய ஜி.எஸ்.பி.யில் 6,000 யூரோவுக்கு மேற்பட்ட சரக்கென்றால் ஏற்றுமதியாளர் பதிந்து பெறும் ரெக்ஸ் எண் வேண்டும். வழியில் வேறு நாட்டில் இறக்கி ஏற்றினால், சுங்கத் துறைக்குச் சந்தேகம் வந்தால், அங்கே சரக்கில் யாரும் கை வைக்கவில்லை என்பதற்கு ஆவணம் காட்ட வேண்டும். இந்தியாவுக்குள் வரும் சரக்குக்கு 2020 செப்டம்பர் 21 முதல் காரோட்டார் விதிகள்: ஆரிஜின் சான்றிதழைக் காட்டினால் மட்டும் போதாது, இறக்குமதியாளர் உற்பத்தி விவரத்தைக் கையில் வைத்து ஐந்தாண்டு காக்க வேண்டும். இன்வாய்ஸில் ஒரு எண், சான்றிதழில் வேறு எண் என்றால் அங்கேயே கேள்வி வரும். வரி 5% மட்டுமே உள்ள சந்தைக்கு ஐந்து லட்ச ரூபாய்ச் சரக்கு அனுப்பினால் மிச்சம் 25,000. சின்ன யூனிட்டுகள் பலவும் இந்தத் தலைவலியே வேண்டாம் என்று விட்டுவிடும்.

2025 ஜூலை 24-இல் கையெழுத்தான இந்திய-பிரிட்டன் ஒப்பந்தம் 12% வரை இருந்த ஆடை வரியை நீக்க ஒப்புக்கொண்டிருக்கிறது. அதற்காக அடுத்த மாதமே புது லைன் ஓடாது. பையர் ஒரு சீசனுக்கான ஆர்டரைப் பல மாதம் முன்பே பிரித்துக் கொடுத்துவிடுவார். புதுக் கம்பெனி என்றால் ஆடிட், சாம்பிள் ஒப்புதல் முடிந்த பிறகே பேச்சு. சரக்கு வகையும் முக்கியம். திருப்பூரின் பலம் பருத்தி. பாலியெஸ்டர் விளையாட்டு டி-ஷர்ட் 6109.90-இல் வருகிறது. அந்த எண்ணுக்கும் வரி பூஜ்ஜியமானாலும், அந்தத் துணியைக் கட்டுப்படியாகும் விலையில் இங்கேயே பின்னிச் சாயமேற்ற முடிகிற யூனிட்டுக்குத்தான் அந்த ஆர்டர் போகும்.