ரெண்டு நல்ல லினக்ஸுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சா புள்ள ஏன் உருப்படாம பொறக்குது?

வாசகர் ஒருத்தர் மெயில்ல கேட்டிருந்தார், ஆண்ட்ராய்டு போன்லயும் லினக்ஸ்ங்கறீங்க, உலகத்தோட டாப் 500 சூப்பர் கம்ப்யூட்டர் எல்லாத்துலயும் லினக்ஸ்ங்கறீங்க, எல்லாம் ஒண்ணுதானான்னு. ஒண்ணு இல்லீங்க, ஒரே குடும்பம். லினக்ஸ்ங்கறது ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையப்பகுதி, அதைத்தான் கெர்னல்ங்கறாங்க. அதோட சோர்ஸ் கோடு பொது, அதுல எதை ஆன் பண்றோம் எதை ஆஃப் பண்றோம்ங்கறதுலதான் ஆளுக்கு ஆள் மாறுது. இந்த ஆன், ஆஃப் வேலைக்குன்னே இருக்கற மெனுகான்ஃபிக்ங்கற பட்டியலைத் தொறந்து பாத்தவங்களுக்குத் தெரியும், டிக் அடிச்சே பொழுது போயிடும். இப்படிப்பட்ட குடும்பத்துக்கு சாஃப்ட்வேர் ப்ராடக்ட் லைன்னு பேரு.

வெறும் 33 ஆப்ஷன் இருந்தாலே கிட்டத்தட்ட 859 கோடி காம்பினேஷன், உலகத்துல ஆளுக்கு ஒண்ணு குடுத்தாலும் மிஞ்சும். ஆராய்ச்சிக்காரங்க வழக்கமா எடுத்துக்கற 2.6.28ங்கற பழைய கெர்னல் பதிப்போட மாடல்ல, அதாவது ஆப்ஷன்களும் அதுங்களுக்குள்ள இருக்கற விதிகளும் சேந்த பட்டியல்ல, 6,888 ஆப்ஷன். அதோட காம்பினேஷனை எழுதுனா 2,074 இலக்கம் வருது. ஒண்ணொண்ணா பாக்கறதெல்லாம் ஆகற கதையில்ல, அதனாலதான் பரிணாமத்தைக் கூப்பிடறாங்க.

பரிணாமத்தைக் காப்பியடிச்சு நல்ல விடையைத் தேடற இந்த முறைக்கு ஜெனடிக் அல்காரிதம்னு பேரு, 1975லயே ஜான் ஹாலண்ட் புத்தகமா போட்டுட்டார். ஒவ்வொரு ஆப்ஷனும் ஒரு ஜீன், ஆன்னா 1, ஆஃப்னா 0. நல்லதுங்க ரெண்டைச் சேத்து, அங்கங்க ஒரு பிட்டைத் திருப்பி விட்டு, தேறினதை வெச்சுக்கிட்டு மறுபடி மொதல்ல இருந்து. ஆனா இங்க "நல்லது"ன்னா என்ன? செலவு கம்மியா இருக்கணும், பக் கம்மியா இருக்கணும், வசதி நெறைய இருக்கணும், ஒண்ணை இழுத்தா இன்னொண்ணு கிழியும். இப்படி ஒண்ணுக்கொண்ணு முட்டிக்கற ஆசைகளை ஒண்ணா வெச்சுத் தேடற என்எஸ்ஜிஏ-2ங்கற அல்காரிதத்தை 2002ல குடுத்தது ஐஐடி கான்பூர்ல இருந்த கல்யாண்மய் தேபும் அவரோட மாணவர்களும். உலகம் முழுக்க இன்னிக்கும் அதை ஓட்டிக்கிட்டிருக்காங்க, நம்மூர்ல என்னடான்னா 2023ல என்சிஇஆர்டி பத்தாம் வகுப்பு புத்தகத்துல இருந்து பரிணாமத்தையே தூக்கிட்டாங்க. சரி, வயித்தெரிச்சலை விடுங்க.

எனக்குப் பிடிச்ச எடம் இனிமேதான். யூஎஸ்பி ஸ்டோரேஜ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, பென்டிரைவ் சொருகினா வேலை செய்யறதுக்கு. அது ஆன் ஆகணும்னா ஸ்கசி, அதாவது டிஸ்க்கையெல்லாம் கம்ப்யூட்டரோட இணைக்கற ஒரு பழைய முறைக்கான ஆப்ஷன், ஆன்ல இருக்கணும். பென்டிரைவுக்கும் அந்தக் காலத்து ஸ்கசி டிஸ்க்குக்கும் என்னய்யா சம்பந்தம்னா, கெர்னல் உள்ளுக்குள்ள பென்டிரைவை ஸ்கசி டிஸ்க்காத்தான் நடத்துது. இப்போ அம்மா கெர்னல்ல ரெண்டுமே ஆன், அப்பா கெர்னல்ல ரெண்டுமே ஆஃப், ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. கலக்கறப்போ யூஎஸ்பி அம்மாகிட்ட இருந்தும் ஸ்கசி அப்பாகிட்ட இருந்தும் வந்துச்சுன்னா புள்ள செல்லாது. பத்துப் பொருத்தமும் பாத்து முடிச்ச கல்யாணம் மாதிரிதான், பொருத்தம் பேப்பர்ல இருக்கும். அந்த 2.6.28 மாடல்ல இந்த மாதிரி விதி 3,43,944 இருக்கு, கண்ணை மூடிக்கிட்டு கலக்குனா ஏதோ ஒண்ணு ஒடையாம தப்பிக்கறது ரொம்பக் கஷ்டம்.

2013ல சய்யாத், மென்சீஸ்ங்கற ஆராய்ச்சிக்காரங்களோட குழு ஒரு குறுக்குவழி கண்டுபிடிச்சாங்க, மொதல் தலைமுறையிலயே செல்லுபடியாகற ஒரே ஒரு கெர்னலை வெதையா போட்டுட்டா போதும், பின்னாடி வர்றதுங்க அதைப் பிடிச்சுக்கிட்டு மேல ஏறுது. 2015ல ஹெனார்ட், ஹார்மன் குழு செஞ்சது இன்னும் அழகு. புள்ளைல எந்தெந்த விதி ஒடைஞ்சிருக்குன்னு பாரு, அந்த விதிகள்ல சம்பந்தப்பட்ட பிட்டுகளை மட்டும் அழிச்சு காலியா வை, மத்த ஆயிரக்கணக்கான பிட்டைத் தொடாத. அப்புறம் அதைத் தூக்கி சாட் சால்வர்கிட்ட குடு. அது லாஜிக் புதிரை விடுவிக்கற ப்ரோக்ராம், விதிக்குப் பொருந்தற மாதிரி காலி எடத்தை நிரப்பித் தரும், முடியலன்னா முடியலன்னு சொல்லிடும். அதாவது அப்பா அம்மாகிட்ட இருந்து வந்த நல்ல குணமெல்லாம் அப்படியே தங்குது, கோளாறான எடம் மட்டும் சரியாகுது. இயற்கைக்கு இந்தக் கொடுப்பினை கெடையாது, அது பாதிக்கப்பட்டதை சாகவிட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடும்.

இதுல எனக்கு உறுத்தற விஷயமும் ஒண்ணு இருக்கு, இந்தச் சோதனைகள்ல ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் போட்ட செலவும் பக் எண்ணிக்கையும் நெஜத்துல அளந்தது இல்ல, கம்ப்யூட்டரே குத்துமதிப்பா எடுத்துக் குடுத்த எண். தேடல் எவ்வளவு அபாரமா இருந்தாலும் கெடைக்கற "மலிவான கெர்னல்" உண்மையில மலிவுன்னு யாரும் சத்தியம் பண்ண முடியாது. பிரான்ஸ்ல ரென் நகரத்துல ஒரு குழு 90,000க்கும் மேல கெர்னல்களை நெஜமாவே கம்பைல் பண்ணி ஒவ்வொண்ணும் எத்தனை எம்பி வருதுன்னு அளந்து வெச்சிருக்கு. கேக்க சலிப்பான வேலைதான், ஆனா என் கையில காசு இருந்தா மொதல்ல அதுக்குத்தான் குடுப்பேன், பத்தோட பதினொண்ணா வர்ற இன்னொரு புது அல்காரிதத்துக்கு இல்ல.