புல்லட்டுக்கு டூப்ளிகேட் பிஸ்டன்: உலோகத்துக்குள்ளே என்ன இருக்கிறது?

வடசென்னையில் பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்குப் பழக்கமான குழப்பம் இது. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பிஸ்டன் கேட்டால் மேஜை மேல் இரண்டு அட்டைப்பெட்டி வரும். ஒன்றின் விலை மற்றதில் பாதி. திறந்து பார்த்தால் மலிவானதுதான் அதிகம் மின்னும். “ரெண்டும் ஒரே அளவுதான் அண்ணே, ஓடும்” என்பார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. அளவு ஒன்றுதான், ஓடவும் ஓடும். எந்தச் சூடு வரைக்கும், எவ்வளவு நாளைக்கு என்பதை மட்டும் நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இத்தனை நகல்கள் வந்ததற்குக் காரணம் அந்த இன்ஜினின் நீண்ட ஆயுள். 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் தொழிற்சாலை திருவொற்றியூரில் அமைந்தது. 70 மில்லிமீட்டர் போர் (சிலிண்டர் துளையின் விட்டம்), 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம்), 346 சிசி கொண்ட வார்ப்பிரும்பு இன்ஜின், அடிப்படை பெரிதாக மாறாமல் இரண்டாயிரங்களின் இறுதி வரை வந்தது. அரை நூற்றாண்டு ஒரே அளவில் ஓடிய இன்ஜினுக்குப் பார்ட்ஸ் செய்ய எந்தச் சிறு பட்டறைக்கும் தைரியம் வரும்தானே.

நகல் செய்பவர் ஒரு அசல் பாகத்தை வாங்கி, வெர்னியர் வைத்து அளந்து, அச்சு எடுக்கிறார். வடிவம் அளவுகோலில் மாட்டும். எந்தக் கலவை, எப்படி உருக்கினார்கள், உலையில் எத்தனை மணி நேரம் வைத்தார்கள் என்பதெல்லாம் மாட்டாது. அதனால் ஒரு பாகத்தை வாங்கும் முன் நான் பார்ப்பது, அதன் வேலை வடிவத்தால் நடக்கிறதா, உலோகத்தின் உட்புறத்தால் நடக்கிறதா என்பதைத்தான். செயின் கவர், ஃபுட்ரெஸ்ட், லீவர், கிளாம்ப் எல்லாம் முதல் ரகம், மலிவாகவே வாங்கலாம். பிஸ்டன், வால்வு, வால்வைத் திறக்கும் கேம், பிஸ்டனோடு சேர்ந்த கனெக்டிங் ராடின் கீழ் முனை மாட்டும் கிராங்க் பின் இரண்டாவது ரகம்.

பிஸ்டனையே எடுத்துக்கொள்வோம். நல்ல பிஸ்டன் கலவையில் அலுமினியத்தோடு சுமார் 12% சிலிக்கன் இருக்கும். சிலிக்கன் சேரும்போது சூட்டில் விரிவது குறைகிறது. காயலான் கடையில் கிடைக்கும் பழைய பாத்திரம், ஜன்னல் சட்டம் எல்லாவற்றையும் சேர்த்து உருக்கினால் அந்த அளவுக்குச் சிலிக்கன் வராது. வித்தியாசம் எவ்வளவு என்று கணக்குப் போடலாம். 70 மில்லிமீட்டர் பிஸ்டன் 150 டிகிரி சூடேறினால், சிலிக்கன் கலந்தது ஏறக்குறைய 0.21 மில்லிமீட்டர் விரியும். சிலிக்கன் குறைந்தது 0.24 விரியும். பிஸ்டன் ஓடும் வார்ப்பிரும்பு சிலிண்டர் பிளாக் 100 டிகிரி ஏறினால் அதன் போர் விரிவது 0.08 அளவுதான். ஆக, பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவே குளிர்ந்த நிலையில் விட்ட இடைவெளியில் முதல் பிஸ்டன் 0.13-ஐத் தின்னும், இரண்டாவது 0.16-ஐத் தின்னும். 0.03 என்பது கேட்பதற்கு அற்பம்தான். ஆனால் மே மாதத்து மதியம், எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருக்கும்போது காற்றோட்டமே இருக்காது. அப்போது பிஸ்டன் பிடித்துக்கொள்வதற்கு அந்த 0.03 போதும்.

இதைக் கடையில் நின்று கண்டுபிடிக்க முடியாது. இன்னொன்றை முடியும். பிஸ்டன் பார்க்க வட்டமாக இருந்தாலும் உண்மையில் வட்டம் இல்லை. பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் பின் (குறுக்குத் தண்டு) செல்லும் திசையில் உலோகம் தடிமனாக இருப்பதால் அங்கே அதிகம் விரியும். அதை ஈடுகட்ட அந்தத் திசையில் கொஞ்சம் குறைத்துக் கடைவார்கள். தலைப்பகுதி அதிகம் சூடாவதால் அதன் விட்டமும் பாவாடை எனப்படும் கீழ்ப்பகுதியை விடக் குறைவு. லேத்காரரிடம் மைக்ரோமீட்டர் வாங்கி, பாவாடையில் பின்னுக்குக் குறுக்கே ஒரு முறையும் பின்னின் திசையில் ஒரு முறையும் அளந்து பாருங்கள். இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால், வடிவத்தைக்கூட முழுசாக நகலெடுக்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். அந்தப் பெட்டியை மூடிவிடுங்கள்.

அடுத்தது ஓட்டை. உருகிய அலுமினியத்துக்கு ஈரக் காற்று ஆகாது. நீராவியிலிருந்து ஆக்சிஜனை அது பிடுங்கிக்கொள்ள, மிஞ்சும் ஹைட்ரஜன் உலோகத்துக்குள் கரைந்துவிடும். உறையும் தருணத்தில், கரைந்திருக்கும் அளவு சுமார் இருபதில் ஒரு பங்காகச் சரியும். வெளியேற வழியில்லாத வாயு உள்ளேயே ஊசித் துளைகளாகத் தங்கிவிடும். பெரிய வார்ப்பாலைகளில் நைட்ரஜனோ ஆர்கானோ செலுத்தி இந்த ஹைட்ரஜனை விரட்டுவார்கள். கடற்காற்று அடிக்கும் ஊரில், அந்த வேலையைத் தவிர்த்துவிட்டு ஊற்றிய வார்ப்பு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

உள்ளே இருக்கும் ஓட்டையை வெட்டாமல் பார்க்க ஆர்க்கிமிடீஸ் போதும். துல்லியமான டிஜிட்டல் தராசில் பிஸ்டனைக் காற்றில் எடை போடுங்கள். அப்புறம் நூலில் கட்டி, வாளித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை போடுங்கள். காற்றில் 270 கிராம், தண்ணீரில் 170 என்று வைத்துக்கொண்டால் இடம்பெயர்ந்த தண்ணீர் 100 கிராம், அடர்த்தி 2.70. அதே 270 கிராம் பிஸ்டன் தண்ணீரில் 167 காட்டினால் அடர்த்தி 2.62 ஆகிறது, கிட்டத்தட்ட 3% வெற்றிடம். பிஸ்டனைச் சுற்றி ரிங் உட்காரும் பள்ளத்தில் காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டு ஏமாற்றும், ஒரு சொட்டு சோப்பு விட்டால் சரியாகிவிடும். கலவை மாறினாலும் அடர்த்தி மாறும் என்பதால், கழற்றிய பழைய அசல் பிஸ்டனையும் இதே வாளியில் நிறுத்தி ஒப்பிடுவது நல்லது.

தராசு கையில் இருக்கும்போதே மொத்த எடையையும் பாருங்கள். 5,000 ஆர்பிஎம்மில் பிஸ்டன் மேல் எல்லையில் நின்று திரும்பும் கணத்தில், அதன் முடுக்கம் புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய 1,500 மடங்கு. அசலை விட 50 கிராம் கூடுதலான பிஸ்டன், ஒவ்வொரு சுற்றிலும் கனெக்டிங் ராடை 70 கிலோவுக்கும் மேலான விசையோடு கூடுதலாக இழுக்கும். புல்லட்டின் ஆட்டம் ஏற்கெனவே பிரசித்தம், அதற்கு மேலும் உரம் போட வேண்டாம்.

ரிங்கைச் சோதிக்க டார்ச் லைட் போதும். போரிங் போட்ட பிளாக்கில் ரிங்கை மட்டும் நுழைத்து, பிஸ்டனால் தள்ளி நேராக உட்காரவைத்து, அடியிலிருந்து வெளிச்சம் அடியுங்கள். இரு முனைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியில் மட்டும்தான் ஒளி தெரிய வேண்டும். ஓரங்களில் பிறை பிறையாகக் கசிந்தால் ரிங் வட்டமாக இல்லை, ஆயில் புகையும். முனை இடைவெளி சுமார் 0.3 மில்லிமீட்டராவது இருக்கட்டும். ரிங்கின் சுற்றளவு 220 மில்லிமீட்டர். பிளாக்கை விட 100 டிகிரி கூடுதலாகச் சூடானால் அதுவே 0.24 நீண்டுவிடும். இடைவெளி போதாமல் முனைகள் முட்டினால் ரிங் உடையும்.

வால்வுக்குக் காந்தம். பெரும்பாலான எக்ஸாஸ்ட் வால்வுகளின் தலை, 700 டிகிரி வரை தாங்கும் ஆஸ்டெனைட் வகை எஃகு. அது காந்தத்தில் ஒட்டாது. இன்லெட் வால்வு ஒட்டும். ஆனால் சில பழைய வடிவமைப்புகளில் எக்ஸாஸ்டும் ஒட்டும் ரக எஃகுதான், அதனால் ஒட்டியதுமே போலி என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

உண்மையான திருட்டு நடப்பது கடினப்படுத்தலில். கிராங்க் பின்னும் கேமும் வெளியே கண்ணாடி மாதிரி கடினமாகவும், உள்ளே அடி தாங்கும்படி மென்மையாகவும் இருக்க வேண்டும். இதற்குக் கார்பன் குறைந்த எஃகை 925 டிகிரி அளவில், கார்பன் நிறைந்த சூழலில் உலைக்குள் வைப்பார்கள். கார்பன் மெல்ல உள்ளே ஊறும். பிறகு சட்டென்று குளிரவைத்தால் ஊறிய தோல் மட்டும் இறுகும். ஆழம் நேரத்தோடு நேராக வளராது, நேரத்தின் வர்க்கமூலத்தோடு வளரும். முதல் ஒரு மணி நேரத்தில் 0.6 மில்லிமீட்டர் கிடைத்தால், 1.2 கிடைக்க நாலு மணி நேரம் ஆகும். உலை எரியும் ஒவ்வொரு மணி நேரமும் காசு. சீக்கிரம் வெளியே எடுத்தாலும் கிராங்க் பின் அதே மாதிரிதான் மின்னும், அதே அளவுதான் காட்டும். விலையைப் பாதியாக்க இதை விட வசதியான இடம் கிடையாது.

மெல்லிய தோல் ஏன் ஆபத்து? ரோலர் ஒன்று கிராங்க் பின் மேல் உருளும்போது அதிகபட்ச வெட்டு அழுத்தம் மேற்பரப்பில் விழாது, அதற்குச் சற்றுக் கீழே விழும். கடினத் தோல் அந்த ஆழத்தைத் தாண்டி இறங்கவில்லை என்றால் விரிசல் உள்ளேயே பிறந்து, ஒரு நாள் செதில் செதிலாக உரியும். பழைய புல்லட்டின் பிக் எண்டில், அதாவது கனெக்டிங் ராடு கிராங்க் பின்னில் மாட்டும் முனையில், இருந்தது மிதக்கும் புஷ் (தானும் சுழலும் உலோக வளையம்). அதில் சுமை ஆயில் படலம் முழுவதும் பரவும். அதைக் கழற்றிவிட்டு மலிவான ரோலர் கிட் போடுபவர்கள் அதே சுமையை மெல்லிய கோடுகளில் குவிக்கிறார்கள். நல்ல மாற்றம்தான், பின் நல்ல பின்னாக இருந்தால்.

அரம் வைத்து ஓரத்தில் ஒரு இழுப்பு இழுத்தால், கடினமான பரப்பில் அது வழுக்கும், மென்மையானதில் கடிக்கும். அரம் கடித்தால் அப்போதே திருப்பிக் கொடுத்துவிடலாம். வழுக்கினால் தோல் கடினம் என்று மட்டும் தெரியும், ஆழம் தெரியாது. நாலைந்து நண்பர்கள் சேர்ந்து ஒரே பெட்டியிலிருந்து பின்களை வாங்கி, ஒன்றைப் பலி கொடுத்து வெட்டி, அம்பத்தூர் பக்கம் உள்ள தனியார் சோதனைக்கூடத்தில் கொடுத்தால் ஆழமும் தெரிந்துவிடும். மேற்பரப்பு ராக்வெல் சி என்ற கடினத்தன்மை அளவில் 58 முதல் 62 வரை இருக்க வேண்டும்.

விரிசலுக்குப் பணமே வேண்டாம். பானை வாங்குவது போல கனெக்டிங் ராடைத் தொங்கவிட்டுத் தட்டினால், முழுசான உலோகம் நீண்டு ஒலிக்கும், விரிசல் விட்டது மொத்தென்று அடங்கும். சந்தேகம் இருந்தால் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவுங்கள். விரிசலுக்குள் தங்கிய எண்ணெய் கசிந்து வந்து பொடியில் கோடு போடும். பழைய ரயில்வே பணிமனைகளில் அச்சுகளைச் சோதித்த முறை இது.

எல்லாம் பார்த்து மாட்டிய பிறகும் முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலை வடித்து, வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் மினுக்கம் ரிங்கிலிருந்தோ பிளாக்கிலிருந்தோ வருவது, புதிதில் கொஞ்சம் இருக்கும். ஒட்டாத சாம்பல் மினுக்கம் பிஸ்டன், மஞ்சள் மினுக்கம் புஷ். ஆனால் காந்தத்தில் ஒட்டும் துண்டு செதிலாக, நகத்தில் எடுக்கும் அளவுக்கு இருந்தால் வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் தள்ளிக்கொண்டே மெக்கானிக்கிடம் போங்கள்.