ஸ்டீராய்டுப் பூச்சு: ஊக்கியா, அடக்கியா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் ‘ஸ்டீராய்டு’ என்ற சொல் உடற்பயிற்சிக் கூடத்திலும் காதில் விழும், மருந்தக முகப்பிலும் விழும். முதலாவது இடத்தில் அது தசையைப் பெருக்கும் ஊசியைக் குறிக்கிறது. இரண்டாவது இடத்தில் கரப்பான் என்னும் தோல்நோய்க்கும் அரிப்புக்கும் தடவும் களிம்பைக் குறிக்கிறது. விளையாட்டுச் செய்திகளில் முதலாவதை ‘ஊக்கமருந்து’ என்று எழுதிப் பழகியதால், அந்தப் பெயர் களிம்பின் மேலும் ஒட்டிக்கொண்டது. தோலுக்கு ஊக்கம் தரும் மருந்து என்று எண்ண வைக்கும் இந்தப் பெயர், அம்மருந்து உண்மையில் செய்யும் வேலைக்கு நேர்மாறானது.

சொல்லின் வேரைப் பார்ப்போம். கிரேக்க மொழியில் ‘ஸ்டெரியோஸ்’ என்றால் திண்மையானது. பித்தக் கற்களில் கிடைத்த மெழுகுத்தன்மையுள்ள பொருளுக்குப் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் 1816 வாக்கில் பித்தம், திண்மை என்னும் இரு கிரேக்கச் சொற்களைக் கூட்டிப் பெயர் வைத்தார்; இன்று நாம் இரத்தப் பரிசோதனைத் தாளில் காணும் ‘கொலஸ்ட்ரால்’ அதன் வழிவந்ததே. அந்தக் குடும்பத்துச் சேர்மங்கள் ‘ஸ்டெரால்’ எனப்பட்டன. அவற்றை ஒத்த கட்டமைப்புடையவற்றுக்கெல்லாம் பொதுப்பெயராக, ‘போன்றது’ எனப் பொருள்தரும் ஈற்றைச் சேர்த்து, 1936இல் ‘ஸ்டீராய்டு’ உருவாக்கப்பட்டது. ஆக, இது எந்த ஒரு மருந்தின் பெயரும் அன்று. ஆறு பக்க வளையங்கள் மூன்றும் ஐந்து பக்க வளையம் ஒன்றும் இணைந்த மூலக்கூற்று வடிவத்தின் பெயர். ஆண்மை, பெண்மை இயக்குநீர்களும் பித்த அமிலங்களும் கொலஸ்ட்ராலும் அந்த வடிவத்தைக் கொண்டவை. தசை ஊசிக்கும் கரப்பான் களிம்புக்கும் உள்ள உறவு அந்த வளையங்களோடு முடிந்துவிடுகிறது.

களிம்பில் இருப்பதற்குச் சரியான முழுப்பெயர் ‘கார்ட்டிகோஸ்டீராய்டு’. இதன் முற்பகுதியான ‘கார்ட்டெக்ஸ்’ இலத்தீனில் மரப்பட்டை. சிறுநீரகத்தின் தலைமேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் வெளியடுக்கு, உள்ளிருக்கும் அகணியை மரப்பட்டைபோல் மூடியிருப்பதால் அப்பெயர் பெற்றது. தமிழில் இதற்குப் ‘புறணி’ என்ற சொல் பொருத்தமாக அமைந்துள்ளது. புறங்கூறுவதைப் ‘புறணி பேசுதல்’ என்று சொல்லிச் சொல்லி அதன் பழைய பொருளை நாம் மறந்துவிட்டாலும், மரத்தின் வெளிப்பட்டையும் புறணியே. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அட்ரினலின் புறணியில் சுரக்கும் கார்ட்டிசோல் உடலின் அழற்சியை, அதாவது சிவப்பும் வீக்கமுமாகக் கிளம்பும் எதிர்வினையை, தணிக்கிறது. இவ்வகைப் புறணிச் சுரப்புகளை ஆராய்ந்த கெண்டால், ரைக்ஸ்டைன், ஹென்ச் ஆகிய மூவருக்கும் 1950ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. கார்ட்டிசோலின் மருந்து வடிவமான ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலின் மேல் தடவினாலே பலன் உண்டு என்பதை 1952இல் சல்ஸ்பெர்கரும் விட்டனும் வெளியிட்டனர்.

‘ஊக்கமருந்து’ பொருந்தாது என்றால் வேறு எந்தச் சொல்? ‘இயக்க ஊக்கி’ என்று எழுதுவோரும் உண்டு; அதிலும் அதே ஊக்கம் ஒளிந்திருக்கிறது. இம்மருந்து அழற்சியை அடக்குகிறது. ஆகவே ‘அழற்சியடக்கிப் பூச்சு’ என்பதே அதன் குணத்தைச் சொல்லும் பெயர் என்பது என் துணிபு. ஆனால் ‘ஸ்டீராய்டு’ என்ற சொல்லை நீக்கிவிடவும் கூடாது. மலேசியாவில் மருந்து உறையில் இருப்பது மலாயும் ஆங்கிலமும். ‘இதில் ஸ்டீராய்டு இருக்கிறதா, மிஸ்ஸி?’ என்று தாதியிடம் கேட்கத் தெரிந்திருப்பதே நோயாளிக்குப் பாதுகாப்பு. எனவே ‘ஸ்டீராய்டு அழற்சியடக்கிப் பூச்சு’ என்று இரண்டையும் சேர்த்து எழுதலாம்.

அடக்குதல் என்ற சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டால், பக்கவிளைவுகள் பெரும்பாலும் அதிலிருந்தே விளங்கிவிடும். அழற்சியை அடக்கும் அதே மருந்து, தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தின் உற்பத்தியையும் அடக்குகிறது. வலுவான பூச்சை நீண்ட நாள் ஒரே இடத்தில் தடவி வந்தால் தோல் மெலிந்து பளபளக்கும், அடியில் நுண்குழாய்கள் சிவந்த நூலாகத் தெரியும், இலேசாக இடித்துக்கொண்டாலும் கன்றிப்போகும். மெலிவு மருந்தை நிறுத்தியபின் ஓரளவு தேறக்கூடும். அக்குளிலும் தொடையிடுக்கிலும் விழுந்த வரித்தழும்புகளோ மறைவதில்லை. நிறமிச் செல்களும் அடங்குவதால் தோல் வெளுக்கலாம். நம்மைப்போன்ற மாநிறத்தாரிடம் அது பளிச்சென்று தெரியும். முகத்தில் பருக்களும் வாயைச் சுற்றிச் சிறு கொப்புளங்களும் தோன்றலாம். இமையருகே தொடர்ந்து தடவினால் கண்ணழுத்தமும் கண்புரையும் வரக்கூடும்.

நோயெதிர்ப்பை அடக்குவதுதான் நம் ஊர்ச் சூழலில் அதிகம் கவனிக்க வேண்டியது. செம்பனைத் தோட்டத்தில் நாள் முழுவதும் ரப்பர் காலணியும் வியர்வையில் ஊறிய உடையுமாக வேலை செய்பவருக்குப் படர்தாமரை எளிதில் வரும். அது பூஞ்சைத் தொற்று, கரப்பான் அன்று. இரண்டும் அரிக்கும் என்பதால் வீட்டில் எஞ்சியிருக்கும் கரப்பான் களிம்பை எடுத்துத் தடவுகிறார்கள். இரண்டு நாளில் அரிப்பும் சிவப்பும் அடங்கிவிடுகின்றன. ‘மருந்து நல்லா கேக்குது’ என்று மகிழ்ந்திருக்கும் வேளையில் பூஞ்சை தடையின்றிப் பரவுகிறது. வட்டமான சிவந்த விளிம்பு கலைந்து போவதால் மருத்துவருக்கே அடையாளம் காண்பது கடினமாகிறது. இதற்கு மருத்துவ நூல்கள் தரும் இலத்தீன் பெயரின் கருத்தையொட்டி ‘உருமறைந்த படர்தாமரை’ என்று சொல்லலாம்.

தோலைத் தாண்டி உள்ளே செல்லும் மருந்து, உடலின் சொந்தப் புறணியையும் அடக்கக்கூடும். வெளியிலிருந்து கார்ட்டிசோல் போன்றது வந்துகொண்டே இருந்தால் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. பெரியவர்களிடம் இது அரிது. எடைக்கு ஒப்பத் தோல் பரப்பு மிகுந்த குழந்தைகளிடம், அதிலும் பேம்பர்ஸ் கட்டி மூடிய இடத்தில், இந்த ஆபத்து கூடுதல். உறிஞ்சும் அளவும் இடத்துக்கு இடம் மாறும். முன்னங்கையை ஒன்று என்று கொண்டால், நெற்றி சுமார் 6 மடங்கும் விரைப்பை சுமார் 42 மடங்கும் உறிஞ்சுவதாக 1967இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

இங்கே இன்னொரு சொற்குழப்பத்தையும் தீர்க்க வேண்டும். மருந்தைப் பயன்படுத்தும்போது வேண்டிய பயனோடு கூடவே வருவது பக்கவிளைவு. நிறுத்தியபின் வருவது பின்விளைவு. ஏடுகளில் இரண்டும் மாறி மாறி வருகின்றன; இம்மருந்தில் வேறுபாடு முக்கியமானது. வலுவான பூச்சை மாதக்கணக்கில் தடவித் திடீரென நிறுத்தும் சிலருக்குத் தோல் தீப்பட்டதுபோல் சிவந்து எரிகிறது. சுருக்கி வைக்கப்பட்டிருந்த இரத்தக் குழாய்கள் விரிவது இதற்கு ஒரு காரணம். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021இல் இது குறித்து எச்சரிக்கை வெளியிட்டது. இதைப் பழைய நோய் திரும்பியதாக எண்ணி மறுபடி அதே டியூப்பை எடுப்பவர்கள் உண்டு. நீண்ட நாள் பயன்படுத்தியவர் மருத்துவரின் சொற்படியே விட வேண்டும்.

மருந்தகத்தில் ஒரு பாட்டி, அடியிலிருந்து சுருட்டிப் பிழிந்து எழுத்தெல்லாம் அழிந்த டியூப்பை நீட்டி, “தம்பி, இதே மாதிரி இன்னொண்ணு குடுப்பா, பேத்தி மூஞ்சிக்குத் தடவணும்” என்று கேட்கிறார். அழியாமல் நிற்பது 0.05% என்ற எண் மட்டும். எண் சிறியதாக இருப்பதால் மருந்து மென்மையானது என்று தோன்றும். ஆனால் 0.05% குளோபெட்டசோல் மிகவும் வலுவான வகை. 1% ஹைட்ரோகார்ட்டிசோனோ மென்மையான வகை. விழுக்காடு மட்டும் வலிமையைக் காட்டாது. மருந்தின் பெயரையும் பார்க்க வேண்டும். பேத்தியின் முகத்துக்குப் பெயர் தெரியாத அந்த டியூப் ஆகவே ஆகாது.

அதற்காக அஞ்சி ஒதுங்குவதும் தீர்வன்று. சரியான வலிமையில், குறித்த நாள்களுக்குத் தடவினால் பெரும்பாலோருக்குத் தீங்கு நேர்வதில்லை; பயந்து விட்டுவிட்ட கரப்பான் சொறிந்து புண்ணாகும். அரசாங்க கிளினிக் உறையில் உள்ள ‘சாப்பு நிப்பிஸ்’ என்பதற்கு மெல்லிய படலமாகத் தடவு என்று பொருள். அளவுக்குச் சுட்டுவிரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனிவரை பிழிந்த களிம்பை ‘விரல்நுனி அளவு’ என்பர். ஏறத்தாழ அரை கிராமான அது விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும்.

மருத்துவர் எழுதாத ஸ்டீராய்டும் நம்மிடம் வந்து சேர்கிறது. பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் விற்கும் வெள்ளையாக்கும் கிரீம்கள் சிலவற்றில் பெட்டாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், பாதரசம் போன்றவை கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு கண்டறிந்து, அவற்றின் அறிவிப்புப் பதிவை அவ்வப்போது நீக்கி வருகிறது. டப்பாவில் அந்தப் பெயர்கள் இரா. முகம் ஒரே வாரத்தில் பளபளத்து, நிறுத்தியதும் சிவந்து எரிந்தால் சந்தேகிக்கலாம்; மருத்துவரிடம் போகும்போது அந்த டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.