கார்ப்பரேட் கம்யூனிகேஷன்: தொடர்பா, தொடர்பாடலா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் வழக்கமாக ஜெராக்ஸ் எடுக்கும் கடையின் போர்டில் ஒரு சாமி பேரும் பக்கத்தில் ‘கம்யூனிகேஷன்ஸ்’ என்ற சொல்லும் இருக்கும். தொண்ணூறுகளில் அது எஸ்.டி.டி. பூத். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்துப் பதறிக்கொண்டே துபாய் மாமாவோடு பேசியிருக்கிறேன். அப்புறம் ஜெராக்ஸ் மெஷின் வந்தது, ரீசார்ஜ் கார்டு வந்தது, இப்போது ஆன்லைன் விண்ணப்பமும் ஆதார் பிரிண்ட்டும்தான் அங்கே வியாபாரம். கூண்டு போய்விட்டது, மீட்டர் போய்விட்டது. போர்டில் இருக்கிற சொல் மட்டும் அசையவில்லை.

அந்தச் சொல்லைத் தமிழர்கள் எத்தனை விதமாகப் புழங்குகிறோம் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். “பையனுக்கு மார்க் இருக்கு, கம்யூனிகேஷன்தான் வீக்” என்று ஒரு அப்பா சொன்னால், பையனுக்கு இங்கிலீஷ் சரளமாக வராது என்று அர்த்தம். அந்தப் பையன் தமிழில் ஊரையே விலைக்கு வாங்குகிற அளவுக்குப் பேசுவான்; அது கணக்கில் வராது. விண்ணப்பப் படிவத்தில் ‘கம்யூனிகேஷன் அட்ரஸ்’ என்றால் தபால் வந்துசேர வேண்டிய விலாசம். எங்கள் உறவில் ஒரு பெண் புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் கார்ப்பரேட் கம்யூனிகேஷன் மேனேஜராக இருக்கிறாள். கல்யாண வீட்டில் அவளுக்கு என்ன வேலை என்று யாரோ கேட்டதற்கு அவள் அம்மா, “ஆபீஸ்ல எல்லாருக்கும் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறாளாம்” என்றார். சிரித்தோம். ஆனால் சரியான பதிலை அங்கிருந்த யாராலும் தமிழில் ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. நானும்தான்.

‘கார்ப்பரேட்’ கதை இன்னும் மோசம். தமிழ் மேடையில் அது ஏறக்குறைய வசைச்சொல். ‘கார்ப்பரேட் கைக்கூலி’, ‘கார்ப்பரேட் சாமியார்’ என்று அடைமொழியாக வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆக, வசை ஒன்றும் இங்கிலீஷ் டியூஷன் ஒன்றும் சேர்ந்து ஒரு பதவிப் பேராகிவிட்டன.

சரி, வேருக்குப் போவோம். இரண்டும் லத்தீன் வழி வந்தவை. ‘கார்ப்பரேட்’டுக்கு அடி ‘கோர்ப்புஸ்’, அதாவது உடல். பலர் சேர்ந்து சட்டத்தின் கண்ணில் ஒரே உடலாக நிற்பது. ‘கம்யூனிகேஷன்’ வந்தது ‘கம்யூனிகாரே’ என்ற வினையிலிருந்து. அதற்குப் பொருள் சொல்லுவது அல்ல, பொதுவாக்குவது, பங்கு கொடுப்பது. அதன் உள்ளே இருக்கும் ‘மூனுஸ்’ கடமையையும் கொடையையும் குறிக்கிற சொல். முனிசிபாலிட்டிக்குள் இருப்பதும் அதே மூனுஸ்தான். 2021இல் கடலூர் நகராட்சி மாநகராட்சி ஆனபோது, முனிசிபாலிட்டி கார்ப்பரேஷன் ஆனது. அதாவது மூனுஸ் போய்க் கோர்ப்புஸ் வந்தது. எங்கள் தெருச் சாக்கடைக்கு இந்த வேர்ச்சொல் ஆராய்ச்சி இன்னும் தெரியாது.

பொதுவாக்குவது என்ற இந்தப் பொருளை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். இங்கிருந்துதான் எல்லாம் பிரியும்.

தமிழில் இதற்கு உடனே நாம் எடுக்கிற சொல் ‘தொடர்பு’. நல்ல பழைய சொல். ‘நவில்தொறும் நூல்நயம் போலும் பயில்தொறும் பண்புடை யாளர் தொடர்பு’ என்கிறது 783ஆம் குறள். அங்கே தொடர்பு என்றால் நட்பு. பழகப் பழக இனிக்கிற உறவு. ஆனால் இரண்டாயிரம் ஆண்டில் அந்தச் சொல் எங்கெங்கோ போய் அடிபட்டுவிட்டது. இன்று செய்தித்தாளைத் திறந்தால் ‘கடத்தல் கும்பலுடன் தொடர்பு’, ‘கள்ளத்தொடர்பு’ என்று பெரும்பாலும் காவல் நிலையத்தில்தான் அதைப் பார்க்கிறோம். அரசு தன் துறைக்கு ‘செய்தி மக்கள் தொடர்பு’ என்று பேர் வைத்தது. மாவட்டத்துக்கு ஒரு செய்தி மக்கள் தொடர்பு அலுவலர். சினிமாக்காரர்களுக்கும் மக்கள் தொடர்பாளர் உண்டு. பிலிம் நியூஸ் ஆனந்தனைத்தான் தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. என்பார்கள். இதெல்லாம் வெளியே இருக்கிறவர்களுக்குச் சேதி சொல்கிற வேலை. கம்பெனிக்குள் இருக்கிறவர்களிடம் பேசுகிற பாதி இதில் வராது. தொழில்நுட்பம் மாறும்போது அடி விழுவது அந்தப் பாதிக்குத்தான்.

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரி சேதராப்பட்டில் இருக்கும் ஒரு கம்பெனியின் சர்க்குலர்களைத் தமிழாக்கித் தரும் வேலை வந்தது. விரல் ரேகை வைக்கிற மெஷினை எடுத்துவிட்டு முகத்தைப் பார்த்து வருகை பதியும் மெஷின் வைக்கப்போகிறார்கள். லீவு, ஓவர்டைம், சம்பளச் சீட்டு எல்லாம் செல்போன் ஆப்புக்குப் போகிறது. இங்கிலீஷில் இரண்டு பக்கம். முதல் பக்கம் முழுக்க ‘டிஜிட்டல் பயணம்’. நானும் கையில் கிடைத்த சொல்லைப் போட்டேன். ‘கோ லைவ்’ என்று இருந்த இடத்தில் ‘புதிய முறை 1ஆம் தேதி நேரலை செய்யப்படும்’ என்று எழுதிவிட்டேன். நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். பி ஷிப்ட் ஆட்கள் அதைப் படித்துவிட்டு, இனி நாம் வேலை செய்வதை மேலே உட்கார்ந்து டி.வி.யில் பார்க்கப்போகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். டீ பிரேக்குக்குள் வாட்ஸ்அப் குரூப் முழுக்க அதுதான் பேச்சு. தப்பு என்னுடையது, மறுக்கவில்லை.

ஆனால் அந்த ஒரு சொல்லைத் திருத்தியும் கலவரம் அடங்கவில்லை. ஆட்களுக்கு இருந்த கேள்வி வேறு. மாஸ்க் போட்டு வேலை செய்கிற பிரிவில் மெஷின் முகத்தை அடையாளம் காணாவிட்டால் என்ன ஆகும்? அன்றைக்குச் சம்பளம் வெட்டா? ஆப் இறங்காத பட்டன் போன் வைத்திருக்கிறவர் லீவுக்கு யாரிடம் போவது? இரண்டு பக்கச் சர்க்குலரில் இதற்கு ஒரு வரி கிடையாது. கடைசியில் விஷயத்தை முடித்தது டைம் ஆபீஸில் இருந்த ஒரு கிளார்க். கேட் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, “மெஷின் எடுக்கலைன்னா என்கிட்ட வாங்க, நோட்டுல எழுதிக்கிறேன். இந்த மாசம் யாருக்கும் சம்பளம் பிடிக்க மாட்டாங்க, மேனேஜர்கிட்ட கேட்டுட்டேன். அடுத்த மாசம் எப்படின்னு இன்னும் முடிவாகலை, ஆனதும் சொல்றேன்” என்றார். அவ்வளவுதான். மூன்று வாக்கியம். என்ன மாறுகிறது, என்ன மாறவில்லை, எது இன்னும் தெரியாது என்று மூன்றும் அதில் இருந்தன. மூன்றாவதைச் சொல்லத்தான் பெரிய பதவியில் இருப்பவர்களுக்கு நாக்கு எழாது.

அந்தக் கம்பெனியின் கம்யூனிகேஷன் தலைவர், பின்னால் என்னிடம் பேசியபோது, தான் செய்த தவறை ஒரே வார்த்தையில் சொன்னார்: வரிசை. நோட்டீஸ் போர்டுக்கு முன்னால் சூப்பர்வைசர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். போர்டைப் படிக்கிற ஆள் அடுத்த நிமிடம் திரும்பிப் பார்ப்பது சூப்பர்வைசர் முகத்தைத்தான். அவரும் அன்றைக்குத்தான் போர்டைப் படித்தார் என்றால் கதை முடிந்தது. அடுத்து பண்டகசாலைக் கணக்கை, கம்பெனியின் எல்லாக் கணக்கையும் ஒன்றாக வைக்கும் ஈ.ஆர்.பி. சாஃப்ட்வேருக்கு மாற்றியபோது அவர் முதல் ஆளாக அழைத்தது அந்த டைம் ஆபீஸ் கிளார்க்கை.

இந்த வேலைக்கு ஒரு பழைய முன்னோடி அமெரிக்காவில் உண்டு. தொலைபேசியில் ஆபரேட்டரிடம் எண்ணைச் சொல்லி இணைப்பு வாங்கிய காலம் போய், ஆளே எண்ணைச் சுழற்றிக்கொள்ளும் முறையை பெல் நிறுவனங்கள் 1919 முதல் நகரம் நகரமாகக் கொண்டுவந்தன. இணைப்பகத்தை மாற்றிவிடலாம், சந்தாதாரர் விரலுக்கு யார் பழக்குவது? ஆபரேட்டர் பெண்களிடம் என்ன சொல்வது? அந்த மாற்றம் நடந்துகொண்டிருந்தபோதுதான், 1927இல், பெல் நிறுவனங்களின் தாய்க் கம்பெனியான ஏ.டி. அண்ட் டி.யில் ஆர்தர் பேஜ் துணைத் தலைவராக வந்தார். பத்திரிகைக்காரர். பெரிய நிறுவனம் ஒன்றில் அந்த உயரத்தில் உட்கார்ந்து மக்கள் தொடர்பைக் கவனித்த முதல் ஆள் அவர் என்பார்கள். முடிவு எடுக்கிற மேசையில் நாற்காலி இருந்தது என்பதுதான் அதில் முக்கியம். முடிவெடுத்த பிறகு அறிக்கை எழுதக் கூப்பிடப்படுகிறவர் தலைவர் இல்லை, எழுத்தர்.

அமெரிக்கா வரை போவானேன், புதுச்சேரியிலேயே ஒருவர் இருந்தார். ரங்கப்பிள்ளை வீதி யார் பேரில் இருக்கிறதோ அந்த ஆனந்தரங்கப் பிள்ளை. 1747இல் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் தலைமைத் துபாஷி ஆனவர். 1736இல் தொடங்கி 1761இல் இறக்கும் ஆண்டு வரை அவர் எழுதிய நாட்குறிப்பு இன்றும் வரலாற்றுக்காரர்களுக்குப் புதையல். ‘துபாஷி’ என்றால் இருமொழியாளன். வடமொழி ‘த்விபாஷி’ இந்துஸ்தானி வழியாக அப்படித் திரிந்தது. ஆனால் அவர் வேலை மொழிபெயர்ப்போடு நிற்கவில்லை. கவர்னர் நினைப்பது வியாபாரிக்கு எப்படிப் போக வேண்டும், வியாபாரி முணுமுணுப்பது கவர்னர் காதுக்கு எந்த வடிவத்தில் போக வேண்டும் என்று இரண்டு பக்கமும் எடைபோடுவது அவர் பொறுப்பு. இன்றைய கம்யூனிகேஷன் தலைவரும் ஐ.டி. பிரிவு பேசுவதையும் மெஷினில் நிற்கிற ஷாப் ஃப்ளோர் ஆட்கள் பேசுவதையும் இரண்டு மொழியாகவே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ‘மைக்ரேஷன்’ என்று ஐ.டி. சொல்லும், ‘என் பழைய லீவு கணக்கு அப்படியே வருமா’ என்று ஷாப் ஃப்ளோர் கேட்கும். இரண்டும் ஒரே விஷயம்தான். பதவிப் பேராக ‘துபாஷி’யை மீட்கலாமா என்று எனக்கு ஆசை உண்டு. நடக்காது. இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குகிறவர் என்ற வாசனை அந்தச் சொல்லில் ஒட்டியிருக்கிறது.

அறிவிப்பையே எடுத்துக்கொண்டாலும் நம்மிடம் நல்ல இலக்கணம் இருந்தது. மணிமேகலையின் முதல் காதை விழாவறை காதை. கடலூரிலிருந்து கடற்கரையோடு தெற்கே போனால் வருகிற பூம்புகாரில், யானைப் பிடரியில் முரசை ஏற்றி இந்திர விழாவை அறிவிக்கிறார்கள். விழா எவ்வளவு மகத்தானது என்று மட்டும் பேசிவிட்டுப் போகவில்லை அந்த அறிவிப்பு. ‘பழமணல் மாற்றுமின் புதுமணல் பரப்புமின்’ என்று ஊரார் செய்ய வேண்டியதை வினைமுற்றில் சொல்கிறது. பகைவரோடு நேர்ந்தாலும் சண்டை வேண்டாம், விலகிப் போங்கள் என்று வரப்போகிற தகராறுக்கும் முன்கூட்டியே ஒரு வரி வைத்திருக்கிறது. என் ‘டிஜிட்டல் பயண’ சர்க்குலரை இதன் பக்கத்தில் வைக்க வெட்கமாக இருக்கிறது.

முரசின் கடைசி வாரிசு தண்டோரா. 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர், அறிவியல் வளர்ந்துவிட்ட காலத்தில் தண்டோரா தேவையில்லை, வாகனத்தில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லலாம் என்று மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். சாதியோடு கட்டிவைத்திருந்த வேலை ஒழிந்தது நல்லது, அதில் இரண்டு பேச்சு இல்லை. இப்போது ஆட்டோ வருகிறது, பதிவு செய்த குரல் ஓடுகிறது. “எங்க தெருவுக்கும் சேர்த்தா தண்ணி வராது?” என்று கேட்க ஓடினால் ஆட்டோ முனை திரும்பிவிடுகிறது. திரும்பக் கேட்க ஆள் இருக்கிறதா என்பதே அறிவிப்புக்கும் கம்யூனிகேஷனுக்கும் நடுவே உள்ள கோடு.

அதனால்தான் நான் ‘தொடர்பாடல்’ பக்கம் சாய்கிறேன். இலங்கைத் தமிழர் இதை வெகுகாலமாகப் புழங்குகிறார்கள். அங்கே பள்ளிப் பாடத்துக்கே ‘தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம்’ என்று பேர். நம் பக்கம் ‘தகவல் தொழில்நுட்பம்’ என்று சொல்லித் தொடர்பாடலை வழியிலேயே இறக்கிவிட்டோம். அந்த ‘ஆடல்’ சும்மா ஒட்டிக்கொண்டது இல்லை. உரையாடல், வாதாடல் என்று பாருங்கள்: எதிரில் ஒரு ஆள் வேண்டும், மாறி மாறி நடக்க வேண்டும். தொடர்பு இருக்கிற நிலை. தொடர்பாடல் நடக்கிற வேலை. பொதுவாக்குவது என்ற லத்தீன் பொருளுக்கும் அதுதான் கிட்டே வருகிறது. (பொதுவாக்குதல், கூடுதல் என்று யோசிக்கும்போது ஊர்ப்பேர் நினைவுக்கு வருகிறது. கடல் இருப்பதால் கடலூர் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் வெள்ளைக்காரன் ‘Cuddalore’ என்று எழுதிவைத்த பழைய எழுத்துக்கூட்டலில் கூடலூர்தான் ஒளிந்திருக்கிறது; ஆறுகள் கூடுகிற ஊர்.)

‘கார்ப்பரேட்’டுக்குப் ‘பெருநிறுவனம்’ என்று போடுகிறார்கள். இருநூறு பேர் வேலை பார்க்கிற சேதராப்பட்டுக் கம்பெனி பெருநிறுவனமா? ‘நிறுவனத் தொடர்பாடல்’ போதும். பொறுப்பில் இருப்பவர் நிறுவனத் தொடர்பாடல் தலைவர். பத்திரிகைகளிடம் மட்டும் பேசுகிறவர் செய்தித் தொடர்பாளராகவே இருக்கட்டும், அந்தப் பேர் அவருக்குப் பொருத்தம். ‘கோ லைவ்’வுக்கு ‘நடைமுறைக்கு வரும்’ என்று எழுதுங்கள். என்னைப் போல மாட்டிக்கொள்ளாதீர்கள். இப்போது சர்க்குலரை ஏ.ஐ. எழுதித் தருகிறது. ‘நேரலை’ போன்ற தப்பை அது இன்னும் வழவழப்பான தமிழில் செய்யும் என்பதால் கண்டுபிடிப்பதுதான் சிரமம்.

போன மாதம் மஞ்சக்குப்பம் கடைக்காரர் போர்டைப் புதிதாக எழுதப்போவதாகச் சொன்னார். தமிழில் போடச் சொல்கிறார்களாம். ஆர்வக்கோளாறில், “தொடர்பகம்னு போடுங்கண்ணே” என்றேன். ஜெராக்ஸ் தாளை எண்ணிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“தொடர்பகமா? வேணாம் தம்பி. வீட்டுல சோறு போட மாட்டா.”