முதல் இலை சொல்லும் சேதி

ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் மரவள்ளிச் செடியின் படத்தை அனுப்பிக் கேட்டிருந்தார்: "முளைச்சு இருபது நாள்தான் ஆகுது, அதுக்குள்ள இலையெல்லாம் தேமல். ரெண்டு தடவை மருந்து அடிச்சும் கேக்கல. வெள்ளை ஈயையும் அவ்வளவா காணோம். எங்கிருந்துங்க வந்துச்சு?"

பதில் அந்தப் படத்திலேயே இருக்கிறது. நட்ட குச்சியை ஒட்டி வந்த முதல் இலையே மஞ்சளும் பச்சையுமாகச் சுருங்கி, ஒரு பக்கம் கோணி நிற்கிறது. முளைத்த பிறகு வெள்ளை ஈ கொண்டுவந்த நோய் என்றால், கீழே உள்ள இலைகள் சுத்தமாக இருக்கும்; தேமல் அதற்கு மேலேதான் ஆரம்பிக்கும்.

ஏன் அப்படி? எனக்கு அலுக்காத விஷயம் இதுதான். இலை சர்க்கரை தயாரிக்கும், புளோயம் அதைக் கொண்டுபோகும் என்பதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்தது. எந்தத் திசையில் போகிறது என்று யோசித்திருக்க மாட்டோம். முற்றிய இலை சர்க்கரையை வெளியே அனுப்பும். கொழுந்தும் வேரும் கிழங்கும் அதை வாங்கிக்கொள்ளும். தேமலுக்குக் காரணமான வைரஸுக்குச் சொந்தமாகக் கால் கிடையாது. ஈ தன் ஊசிவாயால் புளோயத்தில் இறக்கிவிட்டதும், சர்க்கரை போகும் வழியில் சேர்ந்தே மிதக்கிறது. தலைவாசல் மார்க்கெட்டுக்குப் போகும் காய்வண்டியில் தொற்றிக்கொண்டவன் மார்க்கெட்டில்தானே இறங்குவான்! அப்படித்தான் முற்றிய இலை தப்பிக்கிறது, கொழுந்து மாட்டிக்கொள்கிறது.

குச்சியிலேயே வைரஸ் இருந்தால் கதை வேறு. எந்த இலையும் கொழுந்தாக இருந்துதான் முற்றுகிறது. முதல் இலை குச்சியில் சேர்த்துவைத்த மாவை உறிஞ்சித்தான் வளர்கிறது, கூடவே வைரஸும் ஏறிவிடுகிறது. மருந்து ஈயைக் கொல்லலாம், குச்சிக்குள் இருப்பதை ஒன்றும் செய்யாது. (வரப்பில் கட்டிய திருஷ்டி பொம்மையும்தான். இந்த வைரஸின் ஜெமினி என்ற குடும்பப் பெயரைக் கேட்டு யாரும் மிதுன ராசிக்குப் பரிகாரம் தேட வேண்டாம். இரண்டு துகள்கள் ஒட்டிப் பிறந்த மாதிரி இருப்பதால் வந்த பெயர் அது.)

பச்சையம் குறைந்த, சுருங்கிய இலை மாவுக்கு வேண்டிய சர்க்கரையைத் தராது. முதல் நாளிலிருந்தே நோயோடு வளரும் செடிக்குத்தான் நஷ்டம் அதிகம்; நன்றாக வளர்ந்த பிறகு ஈ தொற்றவைத்தால் அவ்வளவு இல்லை. சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மாவுச்சத்தைப் பாயிண்ட் கணக்கில் பார்த்து விலை போடும் ஊரில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. விதைக்கிழங்கு வழியாக வைரஸ் தொடரும் உருளைக்கும் இதே பாடுதான், அங்கே பரப்புவது அசுவினிப் பூச்சி.

தப்பிக்க வழி உண்டு. செடியின் வளர்நுனியில், அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடத்தில், புளோயம் இன்னும் உருவாகியிருக்காது. வைரஸ் பெரும்பாலும் அங்கே எட்டுவதில்லை. 1952-ல் பிரான்சில் மொரேல், மார்ட்டின் என்ற இரு விஞ்ஞானிகள் அந்த நுனியை மட்டும் கிள்ளி வளர்த்து, நோயில்லாத டேலியா பூச்செடியை எடுத்தார்கள். அப்புறம் உருளைக்கும் அதையே செய்தார்கள். பூச்சிமருந்துக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கை இப்படிச் சுத்தமான குச்சி தயாரிக்கும் ஆய்வகங்களுக்குக் கொடுத்தால் என்ன என்பது என் நெடுநாள் புலம்பல்.

சரி, அதுவரை வாசகர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இலை உதிர்த்து வெட்டி அடுக்கிய குச்சிகளில் நல்லதும் கெட்டதும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால் செடி நிற்கும்போதே வயலில் நடந்து, அடியிலிருந்து கொழுந்து வரை தேமல் இல்லாத செடிகளாகப் பார்த்து ஒரு துணித்துண்டு கட்டிவையுங்கள். அடுத்த நடவுக்குக் குச்சி அவற்றிலிருந்து மட்டும்.