ஃப்ரீசருக்குள் போன ஹார்டு டிஸ்க்

“கவரில் போட்டு ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வைங்க, காலையில் ஓடும்.” ஹார்டு டிஸ்க் படுத்துவிட்டது என்று எங்கே சொன்னாலும் இந்த வைத்தியத்தைச் சொல்ல ஒருவர் இருப்பார். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் முழுப் பொய் இல்லை. ஒரு காலத்தில் சில டிரைவ்களுக்கு இது உண்மையிலேயே கேட்டது.

டப்பாவுக்குள் கண்ணாடி போலப் பளபளக்கும் தட்டுகள் இருக்கின்றன. நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் நொடிக்கு 120. மூன்றரை அங்குல டிரைவில் தட்டின் விளிம்பு மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். அதைத் தொடாமல், காற்றுப் படலத்தில் மிதந்தபடி ஹெட் என்ற சிறு முனை தகவலைப் படிக்கிறது. நடுவில் உள்ள இடைவெளி சில நானோமீட்டர்தான். தலைமுடியின் தடிமன் பல்லாயிரம் நானோமீட்டர்!

பழைய டிரைவ்களில் கரண்ட் போனதும் ஹெட் தட்டின் மேலேயே இறங்கி உட்காரும். இரண்டும் அப்படி ஒரு வழவழப்பு. போதாததற்கு மெல்லிய மசகு வேறு. நாள்பட்டால் ஒட்டிக்கொள்ளும். ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகளைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அந்தப் பிடி தெரியும். மோட்டார் முக்கிப் பார்த்துவிட்டு நின்றுவிடும். இதற்கு ஸ்டிக்‌ஷன் என்று பெயர். டிரைவைக் கையில் பிடித்து வெடுக்கென்று ஒரு திருப்பு திருப்பினால் சில சமயம் விடுபடும். குளிரில் உலோகம் சுருங்குவதாலும் பிடி தளரலாம். சூடானதும் தகராறு செய்யும் சிப்புக்கும் குளிர்ச்சி கொஞ்ச நேரம் கைகொடுக்கும்.

இப்போதைய டிரைவ்களில் ஹெட் ஓய்வெடுப்பது தட்டுக்கு வெளியே, ஒரு சிறு சரிவின் மேல். ஆக, ஒட்டும் நோயே அரிதாகிவிட்டது. மருந்து மட்டும் வழக்கத்தில் இருக்கிறது. பக்கவிளைவும் உண்டு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வேர்ப்பது போலத்தான் டிரைவும் வேர்க்கும். ஹீலியம் அடைத்த வகையைத் தவிர மற்றவற்றில் காற்றழுத்தத்தைச் சமன்செய்ய வடிகட்டியோடு ஒரு துளை இருக்கும். உள்ளே ஈரக்காற்று உண்டு என்று அர்த்தம். அது தட்டில் துளியாகப் படிந்து, ஹெட் போய் மோதினால் காந்தப் பூச்சு சுரண்டுபட்டுப் போகும். அப்புறம் தகவலை மீட்டுத் தரும் எந்த லேபுக்குப் போயும் பயனில்லை.

என்னைக் கேட்டால், அழகான கைவைத்தியம் வேறு ஒன்று இருக்கிறது. 12 வோல்ட் வெளி டிரைவில் லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரைச் செருகிவிடுவது பல வீடுகளில் நடப்பதுதான். பின் பொருந்துகிறதே! அதன் பிறகு டிரைவில் மூச்சுப்பேச்சு இருக்காது. ஆனால் சர்க்யூட் போர்டில் மிளகளவு டிவிஎஸ் டயோடு ஒன்று காவலுக்கு நிற்கிறது. மின்னழுத்தம் எகிறினால் அது தன்னையே ஷார்ட் ஆக்கிக்கொண்டு மற்ற சிப்புகளைக் காப்பாற்றும். செத்த பிறகும் ஷார்ட்டாகவே கிடப்பதால் டிரைவுக்குக் கரண்ட் ஏறாது. மல்டிமீட்டர் முனைகளை இரு பக்கமும் வைத்தால் பீப் என்று கத்தும். அந்த டயோடைக் கழற்றிவிட்டு, டிரைவை நேராகக் கம்ப்யூட்டரில் மாட்டினால் பல சமயம் எழுந்துகொள்ளும். காவல்காரன் இல்லாத வீடுதான். காப்பி எடுத்து முடிக்கும்வரை தாங்கினால் போதும்.

அதே மாடல் போர்டை வாங்கி மாட்டலாமே என்றால், புதிய டிரைவ்களில் அது மட்டும் போதாது. ஒவ்வொரு டிரைவுக்கும் தொழிற்சாலையில் தனியாக எடுத்த அளவீடுகள் போர்டில் ஒரு ரோம் சிப்பில் இருக்கும். அதையும் பெயர்த்து மாற்ற வேண்டும்.

டிக், டிக் என்று சீராகத் தட்டும் சத்தம் கேட்டால் மட்டும் உடனே அணைத்துவிடுங்கள். ஹெட் வழி தெரியாமல் போய்த் திரும்பிக்கொண்டிருக்கிறது. வீட்டில் செய்ய ஒன்றுமில்லை.

சரி, டிரைவ் எழுந்துவிட்டது. இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ஃபோல்டரைத் திறந்து இழுத்துப் போட்டால், தட்டில் பழுதான முதல் செக்டாரிலேயே, அதாவது தகவல் பதியும் சிறு கட்டத்திலேயே, டிரைவ் திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டு மிச்ச ஆயுளையும் தீர்த்துவிடும். விண்டோஸில் டிஸ்க் பிழைகளைத் திருத்தும் செக்டிஸ்க் இன்னும் மோசம். சாகக் கிடக்கும் டிரைவில் எழுத ஆரம்பித்துவிடும். லினக்ஸில் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. தெரிந்த கேள்விகளுக்கு முதலில் பதில் எழுதும் மாணவனைப் போல, சுலபமாகப் படிக்க முடிந்ததை எல்லாம் முதலில் வேறு டிரைவுக்கு அள்ளிவிட்டு, கெட்ட இடங்களுக்கு அப்புறம் திரும்பி வரும். எதைப் படித்தோம், எதை விட்டோம் என்று மேப் ஃபைலில் குறித்தும் வைக்கும். நடுவில் டிரைவ் சூடாகித் திணறினால் நிறுத்தி, ஆறவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆறுவதற்கு டேபிள் ஃபேன் போதும்.