வெயில் காலத்தில் மெம்பரேன் கூடுதலாகத் தரும் தண்ணீர்

சித்திரை பிறந்தால் போதும், சாயக்கழிவு நீர் சுத்திகரிக்கும் இடங்களில் ஒரு நல்ல செய்தி கேட்கும்: "நானோ ஃபில்ட்ரேஷன் சூப்பரா ஓடுது சார், பெர்மியேட் கூடியிருக்கு." மெம்பரேன் என்ற மெல்லிய சவ்வின் வழியாக நீரை அழுத்தித் தள்ளி வடிகட்டுவதுதான் நானோ ஃபில்ட்ரேஷன்; வடிந்து வெளிவரும் நீர்தான் பெர்மியேட். கூடியதற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீரின் சூடுதான். அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால், அழுக்கேறிய மெம்பரேனையும் நல்ல மெம்பரேன் என்று நம்பிவிடுவோம்.

25 டிகிரி செல்சியஸில் இருக்கும் தண்ணீரை 40 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் பாகுத்தன்மை கால் பங்குக்கு மேல் குறைகிறது. மெம்பரேனில் வடிகட்டும் வேலையைச் செய்யும் பாலிஅமைடு என்ற பிளாஸ்டிக் படலமும் கொஞ்சம் இளகுகிறது. இரண்டும் சேர்ந்து, ஒரு டிகிரிக்குச் சுமார் 3 சதவீதம் என்ற கணக்கில் நீரோட்டம் கூடும்.

ஒரு ஸ்கிட் (மெம்பரேன்களும் பம்பும் ஒரே சட்டத்தில் பொருத்திய தொகுதி) 25 டிகிரியில் மணிக்கு 10 கன மீட்டர் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே அழுத்தத்தில், 35 டிகிரியில் அது 13 தர வேண்டும். மே மாதத்திலும் லாக் புக்கில் 10 என்றே எழுதியிருந்தால், 'மாற்றமில்லை' என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். ஆனால் மெம்பரேன் கிட்டத்தட்ட கால் பங்குத் திறனை இழந்துவிட்டது என்பதே அந்த 10-க்கு அர்த்தம். அதனால்தான் ஃபீடு, அதாவது மெம்பரேனுக்குள் போகும் நீரின் வெப்பநிலையைத் தினமும் எழுதி, ஓட்டத்தை 25 டிகிரிக்கு மாற்றிப் பார்க்கச் சொல்கிறோம். திருத்தக் காரணி அட்டவணையை மெம்பரேன் கம்பெனியே தரும்.

அளவை விடத் தரம்தான் எனக்குப் பெரிய கவலை. 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட திருப்பூரில், கழிவு நீரில் இருக்கும் உப்பை மீட்டு மறுபடி சாயத் தொட்டிக்கே அனுப்புவது எவ்வளவு முக்கியம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த உப்பு நீரிலிருந்து நிறத்தையும் கடினத்தன்மையையும் பிரிக்க நானோ ஃபில்ட்ரேஷன் உதவுகிறது. ஆனால் ரியாக்டிவ் சாயத் தொட்டியின் நீர் 60 டிகிரி வரை இருக்கும்; சோப்பு அலசல் நீர் அதைவிடச் சூடு. சரியாக ஆறாமல் அது மெம்பரேனுக்கு வந்தால், தடுக்க வேண்டிய கால்சியமும் மெக்னீசியமும் கூடுதலாகக் கசியும். அந்த உப்பு நீரில் சாயம் போட்டால் துணியில் நிறம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். அப்புறம் பழி சாயத்தின் மேலும் சாயம் போட்டவர் மேலும் விழும்.

வழக்கமான சுருள் வகை மெம்பரேன்களுக்கு 45 டிகிரிதான் உச்ச வரம்பு. அதற்குக் கீழேயும், சூடும் அழுத்தமும் ஒன்றாகக் கூடும்போது படலம் நசுங்கி இறுகிவிடும். அந்த இழப்பு எந்தக் கெமிக்கலாலும் திரும்பாது. கூலிங் டவரைச் செலவு என்று பார்க்காதீர்கள். கால்சியம் கார்பனேட்டும் சூட்டில் சீக்கிரம் படியும். இந்தப் படிவைத் தடுக்கும் ஆன்டிஸ்கேலன்ட் கெமிக்கலின் அளவை வெயில் காலத்துக்கென்று தனியாகக் கணக்கிட வேண்டும்.

குளிர் காலத்தில் எல்லாம் தலைகீழ். பிரான்ஸில், பாரிஸுக்கு அருகே உள்ள மேரி-சுர்-வாஸ் குடிநீர் நிலையம் 1999 முதல் ஆற்று நீரை நானோ ஃபில்ட்ரேஷனில் சுத்திகரிக்கிறது. குளிரில் உறைநிலையை நெருங்கும் ஆற்று நீரிலும் அதே அளவு குடிநீர் எடுக்க, அங்கே பம்ப் அழுத்தத்தை ஏற்றுகிறார்கள். நம் ஊர் மார்கழிக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் 20 டிகிரியில் ஓட்டம் 15 சதவீதம் குறைந்ததைப் பார்த்து, அடைப்பு என்று பதறி, தேவையில்லாமல் கெமிக்கல் கழுவல் செய்து மெம்பரேனின் ஆயுளைக் குறைப்பது இங்கே சாதாரணமாக நடக்கிறது.

கழுவும்போதும் கவனம் வேண்டும். வெதுவெதுப்பான காரக் கரைசல் அழுக்கை நன்றாகக் கிளப்பும் என்பது உண்மை. ஆனால் கரைசல் எவ்வளவு சூடோ, அந்த அளவுக்கு அனுமதிக்கப்படும் பி.எச். வரம்பு சுருங்கும். 25 டிகிரியில் தாங்கும் காரம் 40 டிகிரியில் படலத்தை அரித்துவிடலாம். ஹீட்டரைப் போடும் முன் மெம்பரேன் தரவுத்தாளில் சூடு, பி.எச். என்ற இரண்டு எண்களையும் சேர்த்துப் பாருங்கள். ஸ்பேர் மெம்பரேன்களைத் தகரக் கொட்டகையில் அடுக்கி வைத்திருந்தால், இன்றைக்கே 35 டிகிரிக்குக் கீழே இருக்கும் அறைக்கு மாற்றிவிடுங்கள்.